மெமரி கிளினிக்குக்கு (மறதியைச் சோதிக்கும் கிளினிக்) மலேசியாவின் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து எப்படிப் போவது? எங்கே தொடங்குவது, என்ன கொண்டு போவது?

லயத்துவீடு கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வயதானவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக உதவுகிற நாலைந்து பேருக்காகக் கேட்கிறேன். ஒரு பாட்டியை வைத்தே கேட்டால் பதில் சொல்ல உங்களுக்கு வசதியாக இருக்கும்.

வயது 76. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. 30 வருஷம் பால்மரம் வெட்டியவர். 15 வருஷமாக இனிப்புநீர் (நீரிழிவு). மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தமும் உண்டு. ஒன்றரை வருஷமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். இட்லிக்கு அரிசியை மட்டும் ஊறப்போட்டு உளுந்தை விட்டுவிடுகிறார். ஒட்டுக்கடையில் 50 ரிங்கிட் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்துவிடுகிறார். போன மாதம் கோயிலுக்குப் போனவர், லயத்துக்குத் திரும்பும் வழி தெரியாமல் செம்பனை வரிசைக்குள் நின்றுகொண்டிருந்தார். மகன் சிங்கப்பூரில். மருமகள் பகலில் ஃபேக்டரி வேலை.

ஒரு கிளினிக்கில் சொன்னபோது "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். மெமரி கிளினிக் என்று ஒன்று இருக்கிறதாமே, நேராகப் போய் நம்பர் எடுக்கலாமா? தமிழ் மட்டுமே பேசுகிறவரை எப்படிச் சோதிப்பார்கள்? எவ்வளவு செலவாகும்?

---

தாதி_பேராக் பதில்:

ஐயா, "மெமரி கிளினிக்" என்று பலகை மாட்டிய கட்டடத்தைத் தேடி அலையாதீர்கள். அரசாங்க மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவம், மனநலம், நரம்பியல் ஆகிய பிரிவுகளில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட நாளில் அதை நடத்தும். எந்தப் பிரிவு என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். நேராகப் போய் நம்பர் எடுக்க முடியாது. சூராட் ருஜுக்கான், அதாவது டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதை எழுத வேண்டிய இடம் உங்கள் ஊர் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான். பாட்டியின் இனிப்புநீர் ஃபைல் எங்கே இருக்கிறதோ அந்தக் கிளினிக்குக்கே போங்கள். பழைய ரத்த முடிவுகளும் மருந்துப் பட்டியலும் அங்கேதான் இருக்கும்.

பலரும் தவறுகிற இடம், இனிப்புநீர் அப்பாயின்மென்ட் அன்றே இதையும் சேர்த்துப் பேசிவிடலாம் என்று நினைப்பது. அன்றைக்கு டாக்டரின் மேசையில் சர்க்கரை அளவும் கால் பரிசோதனையும் சிறுநீர் முடிவும் காத்திருக்கும். கதவருகே நின்று "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி" என்றால் "வயசு" என்ற பதில்தான் வரும். மைசெஜாத்ரா செயலியிலோ கவுண்டரிலோ தனியாக ஒரு தேதி எடுங்கள். "சாரிங்கான் வார்கா எமாஸ் (முதியோர் பரிசோதனை), ஞாபகப் பிரச்சினைக்காக" என்று சொல்லிப் பதியுங்கள்.

"வயசானா அப்படித்தான்" என்பதற்கு ஒரு கணக்கு சொல்லலாம். 2018 தேசிய சுகாதார ஆய்வில், இந்த நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்சியா (மறதி நோய்) இருந்தது. அப்படியானால் நூறில் தொண்ணூற்றொரு பேருக்கு இல்லை. வயதானால் எல்லாருக்கும் வருவதாக இருந்தால் அந்தத் தொண்ணூற்றொரு பேர் எங்கிருந்து வந்தார்கள்? மறுபடியும் அதே பதில் வந்தால் சண்டை போட வேண்டாம். "இ.சி.ஏ.கியூ. ஞாபகச் சோதனை செய்து மதிப்பெண்ணை ஃபைலில் எழுதிவிடுங்கள் டாக்டர்" என்று மரியாதையாகக் கேளுங்கள். குடும்ப மருத்துவ நிபுணர் எந்தெந்த நாளில் அந்தக் கிளினிக்குக்கு வருகிறார் என்றும் கேட்டு வாருங்கள். அவரிடம் ஒரு தேதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இ.சி.ஏ.கியூ. என்பது பத்துக் கேள்வி, பத்து மதிப்பெண். ஓர் எண்ணைச் சொல்லித் திரும்பச் சொல்ல வைப்பார்கள். வயது, பிறந்த நாள், கிழமை, தேதி, மாதம், வருஷம், இருக்கும் இடம், எதிரில் நிற்பவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுவிட்டு, கடைசியில் அந்த எண்ணை மறுபடி கேட்பார்கள். 7 அல்லது மேலே இருந்தால் சரி. 5, 6 எல்லைக்கோடு. 4 அல்லது கீழே போனால் மேலே அனுப்ப வேண்டும்.

நம் தோட்டத்து ஆட்களுக்கு இதில் எங்கே இடறும் என்று தெரிந்துகொண்டு போங்கள். கேள்வி மலாயில் வரும், பேத்தி மொழிபெயர்ப்பாள், பாட்டி தயங்கினால் பேத்தியே "சொல்லு பாட்டி, இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே" என்று எடுத்துக்கொடுப்பாள். மதிப்பெண் 8 வரும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் ஆறு மாதம் போய்விடும். மொழிபெயர்ப்பவர் கேள்வியை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தமிழ் தெரிந்த தாதியோ டாக்டரோ இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டு ஆளைவிட அது நல்லது. முன்கூட்டியே வீட்டில் ஒத்திகை பார்ப்பதும் கெடுதல்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தேதி கேட்டால் பாட்டி "ஆடி மூணாம் வெள்ளி" என்பார். அது சரியாகவே இருக்கும், தாளில் தப்பு என்று விழும். பிறந்த தேதியும் அப்படித்தான். அந்தக் காலத்தில் தோராயமாகப் பதிந்த ஐசி (அடையாள அட்டை) உள்ளவர்கள் சொல்லும் தேதி ஐசியோடு ஒத்துப்போகாது. இரண்டையும் அங்கேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் எம்.எம்.எஸ்.இ., மோக்கா என்று 30 மதிப்பெண் சோதனைகள் வரும். எழுது, வரை, நூறிலிருந்து ஏழேழாகக் கழி என்றெல்லாம் அவற்றில் உண்டு. மோக்காவில் 12 வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள்; மூன்றாம் வகுப்புப் படித்தவருக்கு அந்த ஒன்று போதாது. ஆகவே "மூன்றாம் வகுப்பு, தமிழ் மட்டும் வாசிப்பார்" என்பது கடிதத்திலேயே இருக்க வேண்டும். ரூடாஸ் என்ற சோதனை பல மொழி, பல பண்பாட்டு மக்களுக்காகவே சிட்னியில் உருவாக்கியது. படிப்பின் தாக்கம் அதில் குறைவு. 30க்கு 22 அல்லது கீழே இருந்தால் சந்தேகம். அதைச் செய்ய முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

மூக்குக் கண்ணாடி, காது மிஷின் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே நாலு மதிப்பெண் போய்விடும்.

மதிப்பெண்ணைவிட எடை கூடியது நீங்கள் கொண்டு போகும் தாள். ஒரு பள்ளி நோட்டில் மூன்று வாரம் எழுதுங்கள்: தேதி, என்ன நடந்தது, முன்பு இதை எப்படிச் செய்வார். "மறதி அதிகம்" என்று எழுதாதீர்கள். "5ஆம் தேதி, 50 ரிங்கிட் கொடுத்து மீதி 38 வாங்கவில்லை, முன்பு லயத்துக் கூட்டுச் சீட்டுக் கணக்கையே இவர்தான் பார்த்தார்" என்று எழுதுங்கள். டாக்டர் தேடுவது அந்த வித்தியாசத்தைத்தான். மறதி இருந்தும் சமையல், பணம், மருந்து, போக்குவரத்து எல்லாம் தானே பார்த்துக்கொண்டால் அது ஒரு நிலை. அன்றாட வேலையே கெட்டால்தான் டிமென்சியா என்பார்கள். பகலில் பக்கத்தில் இருப்பவர் யாரோ அவரே கூட வரட்டும். சிங்கப்பூர் மகன் லீவில் வந்து அழைத்துப் போனால் அவரால் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

ரத்தம்: முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், ஈரல், கால்சியம், சர்க்கரை, தைராய்டு, பி12, ஃபோலேட். சிஃபிலிஸ் சோதனையும் எடுப்பார்கள். அதைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம், பழைய தொற்று மூளையைத் தாக்கும் என்பதால் பலருக்கும் செய்வது. இவற்றின் முடிவுகள் கடிதத்தோடு போனால், மருத்துவமனையில் முதல் சந்திப்பு ரத்தம் எடுப்பதிலேயே கழியாது.

இன்னொன்று, இதுதான் உயிர் விஷயம். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இரண்டு மூன்று நாளில் குழம்பினால், பகலில் தூங்கி இரவில் உளறினால், மெமரி கிளினிக்குக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, மலச்சிக்கல், சர்க்கரை இறங்குவது, விழுந்து தலைக்குள் ரத்தம் கசிவது, எல்லாமே இப்படி வரும். விழுந்து சில வாரம் கழித்துக்கூடக் கசிவு தெரியலாம். அன்றைக்கே அவசரப் பிரிவு.

---

லயத்துவீடு:

மிக்க நன்றி அக்கா. ஒரு சிக்கல். கடிதத்தில் மனநலப் பிரிவு என்று இருந்தால் குடும்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. "தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்பறாங்க?" என்கிறார்கள்.

---

தாதி_பேராக்:

தெரியும். பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால் பேராக்கில் அந்த ஊர்ப் பெயரே வசைச் சொல்லாகிவிட்டது. குடும்பத்துக்கு இப்படிச் சொல்லுங்கள்: இதயத்துக்கு இதய டாக்டர் மாதிரி, மூளை மாற்றத்தால் நடத்தை மாறுவதைப் பார்க்கப் பயின்றவர் மனநல நிபுணர். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வந்தால், காலையில் போய் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கி மதியம் வீடு திரும்புவார்கள். அந்த ஊரிலிருக்கும் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையிலும் வெளிநோயாளி கிளினிக் உண்டு. அங்கே போகிற எல்லாரையும் வார்டில் போடுவதில்லை. முதியோர் பிரிவில் கொடுக்கும் அதே டிமென்சியா மருந்துகளைத்தான் இவர்களும் எழுதுவார்கள். இரண்டில் எதில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் முன் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண், படிப்பு, ரத்த முடிவு, எத்தனை மாதமாக என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். சில அறிகுறிகள் இருந்தால் தேதி முன்னே வரும், ஆனால் எழுதினால்தான்: 65 வயதுக்குள் தொடங்கியது, வாரக்கணக்கில் வேகமாக மோசமானது, வலிப்பு, இல்லாத ஆட்கள் தெரிவது, அடிக்கடி விழுவது, எடை குறைவது. காலைத் தரையோடு தேய்த்து நடப்பதும் சிறுநீர் அடக்க முடியாததும் மறதியோடு சேர்ந்து வந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். மூளையில் நீர் தேங்குவதாக இருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

செலவு பெரிய தடை இல்லை. குடிமக்களுக்குக் கிளினிக் கெசிஹாத்தானில் பொதுக் கட்டணமே 1 ரிங்கிட். அரசாங்கக் கடிதத்தோடு நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். தனியார் டாக்டர் கடிதத்தோடு போனால் முதல் முறை 30. முதியோர் சலுகை உண்டா என்று கவுண்டரில் ஐசியைக் காட்டிக் கேளுங்கள். தடை காடிதான், அதாவது போக வர வண்டி. தோட்டத்திலிருந்து டவுன், டவுனிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர். பாட்டிக்கு அது ஒரு முழு நாள். சிடி ஸ்கேனையும் கிளினிக்கையும் ஒரே நாளில் போட முடியுமா என்று தேதி எடுக்கும்போதே கேளுங்கள். தேதி தவறினால் உடனே போன் செய்து மாற்றுங்கள். சும்மா விட்டால் புதுக் கடிதத்திலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

---

மருந்துச்சீட்டு பதில்:

மருந்தாளர் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். நீங்கள் சொன்ன பட்டியலிலேயே இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். பாட்டி மரக்கறி மட்டுமே சாப்பிடுபவராகவும் இருந்தால் இன்னும் மோசம். பி12 குறைவு மறதியையும், கால் மரத்துப் போவதையும், தள்ளாட்டத்தையும் தரும். கால் மரப்பதை "இனிப்புநீர்தான்" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் பி12 குறைவாக இருக்கலாம். ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்; குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம்.

கிளிக்லசைட் சர்க்கரையை இறக்குகிற மருந்து. காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் பசியாற மறந்துவிட்டால், பத்துப் பதினொரு மணிக்கு வியர்வை, நடுக்கம், குழப்பம். அல்லது போட்டதை மறந்து இன்னொன்று போடுவார். செம்பனைக்குள் வழி தெரியாமல் நின்றது எத்தனை மணிக்கு, அன்று சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷின் இருந்தால், குழம்பும் நேரத்தில் விரலைக் குத்தி அளந்து நோட்டில் எழுதுங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999 அழையுங்கள். நோட்டில் எழுதிய சர்க்கரை அளவை டாக்டரிடம் காட்டினால் மருந்தையே மாற்றுவார்.

சோதனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு போங்கள். எல்லாம் என்றால் சளிக்குக் கடையில் வாங்கிய பிரிட்டான், தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்து, பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, சம்சு (மலிவுச் சாராயம்) பழக்கம் இருந்தால் அதுவும். பிரிட்டான் வகையும், அமிட்ரிப்டிலினும், சில சிறுநீர்ப்பை மருந்துகளும் ஞாபகத்துக்கு வேண்டிய அதே ரசாயனத்தைத் தடுக்கும். ஒருபுறம் அந்த ரசாயனத்தைக் கூட்ட டொனெபெசில் என்ற டிமென்சியா மருந்து, மறுபுறம் தினமும் மூன்று பிரிட்டான் என்று போனால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ரொம்ப நாளாகச் சாப்பிடும் தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்; டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

நிபுணர் டொனெபெசில் தொடங்கினால் பெரும்பாலும் இரவில் 5 மில்லிகிராம், நாலு முதல் ஆறு வாரம் கழித்துத் தாங்கினால் 10. குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை முதல் வாரங்களில் வரும். கெட்ட கனவு கண்டு அலறினால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாடித்துடிப்பு மெதுவாகலாம்; தலைசுற்றி விழுந்தால் மருந்தை நிறுத்தி வைத்து டாக்டரைப் பாருங்கள். இசிஜி முன்பே எடுத்தார்களா என்பதும் கேட்க வேண்டியது. தோலில் ஒட்டும் மருந்தான ரிவாஸ்டிக்மின் ஒட்டு (பேட்ச்) கொடுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றுதான். பழையதை எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் ஒட்டிவிட்டு முதுகில் மூன்று ஒட்டோடு வாந்தி எடுத்து வருகிறவர்கள் உண்டு. ஒட்டின் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். அதே இடத்தில் 14 நாளைக்குள் மறுபடி ஒட்டாதீர்கள்; தோல் வெந்துபோகும்.

இந்த மருந்துகள் நோயைக் குணமாக்காது. சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் நிலையை இழுத்துப் பிடிக்கும். இதை முதல் நாளே குடும்பத்துக்குச் சொல்லிவிட்டால் மூன்றாம் மாதம் மருந்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். "ராத்திரி சத்தம் போடுகிறார், அமைதியாக்க ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பதற்கு முன், வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். அமைதியாக்கும் மருந்துகள் டிமென்சியாக்காரர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் மரண ஆபத்தையும் கூட்டுகின்றன. வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்குத்தான்.

மாதா மாதம் மருந்துக்காக ஈப்போவுக்குப் போக வேண்டாம். மருத்துவமனை மருந்தகத்தில் எஸ்.பி.யு.பி. என்று கேளுங்கள்; மீதி மாதங்களின் மருந்தைச் சுங்கை சிப்புட் கிளினிக்கிலேயே எடுக்க ஏற்பாடு செய்வார்கள். கையிலுள்ளது தீர ஒரு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள், வரவழைக்க வேண்டிய மருந்தாக இருக்கலாம்.

---

நலப்பணி_ஈப்போ பதில்:

தேதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை சில.

தோட்டத்து வீடுகளில் நான் முதலில் பார்ப்பது கொல்லைப்புறத் தட்டு. புல் மருந்தை மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைத்திருப்பார்கள். லேபிள் வாசிக்க மறந்தவருக்கு அது வெறும் போத்தல். இன்றைக்கே எடுத்துப் பூட்டுங்கள். கேஸ் தோம்பின் ரெகுலேட்டரை மருமகள் வேலைக்குப் போகும்போது கழற்றிவிடட்டும்.

செம்பனை வரிசை எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், நடுவே பாரிட் (வாய்க்கால்) வேறு. கழுத்துச் செயினிலோ வளையலிலோ மகனின் போன் நம்பரைப் பொறித்துப் போடுங்கள். காவல் கொட்டகை ஜாகாவிடம் படம் கொடுத்து வையுங்கள். காணாமல் போனால் உடனே போலீஸ் புகார். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வெறும் பேச்சு. அன்று உடுத்திய சேலை நிறம் தெரிய, தினமும் காலையில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

பணம், நிலம், வீடு பற்றிய தாள்களைத் தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி (அதிகாரப் பத்திரம்), கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் செல்லாமல் போகும். பிறகு 2001 மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் போய்த்தான் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்க வேண்டும். வக்கீல் செலவு தோட்டத்துக் குடும்பம் தாங்குவதில்லை. பாட்டிக்கு இன்னும் புரிகிற காலத்திலேயே உயில், ஈபிஎஃப் (சேமநிதி) வாரிசுப் பெயர், வங்கிக் கணக்கு பற்றி அவரிடமே கேட்டு முடியுங்கள். அவர் பணம், அவர்தான் சொல்ல வேண்டும்.

நோய் உறுதியான பிறகு ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஜேகேஎம் (சமூக நலத்துறை) அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஓகேயு பாரத்தை டாக்டர் நிரப்ப வேண்டும். ஓகேயுவில் மனநலம் என்ற வகையில் பதிவதற்குச் சிகிச்சைக் காலத்தைப் பார்ப்பார்கள். எனவே முதல் நாளிலிருந்து வரும் ஒவ்வொரு அப்பாயின்மென்ட் கார்டையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். ஈப்போவில் பேராக் டிமென்சியா சங்கம் இருக்கிறது, பராமரிப்பவர்கள் அவர்களிடம் பேசலாம்.

---

லயத்துவீடு:

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. மகன் பணம் அனுப்புகிறாராம், தனியாரில் முதலில் சிடி ஸ்கேன் எடுத்துவிடலாமா என்கிறார்.

---

தாதி_பேராக்:

அவசரம் இல்லை. ஸ்கேன் மட்டும் பார்த்து யாரும் டிமென்சியா என்று சொல்ல மாட்டார்கள். கட்டி, கசிவு, பழைய பக்கவாதம், நீர்த் தேக்கம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. விழுந்தது, தலைவலி, நடை மாற்றம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையிலேயே சீக்கிரம் எடுப்பார்கள். அந்தப் பணத்தில் மருமகளுக்கு மாதத்தில் இரண்டு நாள் சம்பள இழப்பை ஈடு கட்டச் சொல்லுங்கள். கிளினிக்குக்குக் கூட வரப்போவது அவர்தான். எப்படியும் தனியாரில் எடுத்துவிட்டால், படம் பதிந்த சிடி தட்டையும் அறிக்கையையும் இரண்டையும் வாங்கிக் கடிதத்தோடு ஒரே ஃபைலில் வையுங்கள். அறிக்கை மட்டும் கொண்டு போனால் மறுபடி எடுக்கச் சொல்லக்கூடும்.